ஆறாம் நாள் மன்னா



அக்டோபர் மாதம் பிறந்துவிட்டது. இது தேவமாதாவின் செபமாலை மாதம். கடற்கரையோரத்தில் வாழும் நமக்கு மழைக்கு முந்திய மாதமும் இதுவே. இன்னும் சில வாரங்களில் வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிடும். ஆகையால் இந்த ஞாயிற்றுக்கிழமை உங்கள் ஆத்துமத்தைப் பற்றிப் பேசுமுன் உங்கள் அடுப்படியைப் பற்றிப் பேச விரும்புகிறேன். ஞானப் பிரசங்கத்தில் அரிசியும் தீப்பெட்டியும் எதற்கு என்று ஒருவரும் இடறல்பட வேண்டாம். பசித்த கூட்டத்தைக் கண்டபோது கையில் அப்பம் எத்தனை இருக்கிறது என்று சீஷரிடம் முதலில் கேட்டவர் நம் ஆண்டவர்தாம்.

2023-ம் வருஷம் டிசம்பர் 17, 18 தேதிகளில் நம் தூத்துக்குடி ஜில்லாவில் பெய்த மழையை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர் மழை பதிவாயிற்று. ஒரு வருஷம் முழுவதும் நம் ஜில்லா காணும் மழையைக் காட்டிலும் அது அதிகம். தாமிரபரணி கரைபுரண்டது. சாலைகள் அறுந்தன. மின்சாரம் நின்றது. செல்போன்கள் ஊமையாயின.

அந்த நாட்களில் ஓர் இரவு, இடுப்பளவு நனைந்த சேலையோடு ஒரு தாய் என் வாசலில் வந்து நின்றாள். "சாமி, வீட்டில் அரிசி இருக்கு, பரண்மேல் சுள்ளியும் இருக்கு. நனையாத தீக்குச்சிதான் எங்கள் தெருவிலேயே இல்லை. பிள்ளைகள் காலையிலிருந்து பட்டினி" என்றாள். கோவில்பட்டியும் சிவகாசியும் உலகத்துக்கே தீப்பெட்டி செய்து அனுப்புகின்றன. அவற்றுக்குக் கூப்பிடு தூரத்தில் இருக்கும் நமக்கு அன்றைக்கு ஒரு காய்ந்த குச்சிக்குப் பஞ்சம்!

நான் சாக்ரிஸ்தியில் தேடினேன். பீடத்து மெழுகுவர்த்தி ஏற்றும் பெட்டியில் ஒன்பது குச்சிகள் மிஞ்சியிருந்தன. பெட்டியோடு எடுத்துக்கொள் அம்மா என்றேன். அவளோ மூன்று குச்சிகளை மாத்திரம் எடுத்து, உரசும் பட்டையில் பாதியைக் கிழித்துக்கொண்டு, "பின்னால் வருகிறவர்களுக்கு இருக்கட்டும் சாமி" என்று சொல்லிப் போனாள். மறுநாள் விசாரித்தபோது, அவள் அடுப்பிலிருந்து அந்தத் தெருவே நெருப்பு வாங்கிப் போனதாகச் சொன்னார்கள்.

எனக்கு அன்று வெட்கமாயிருந்தது. ஆகமன காலத்தின் முதல் ஞாயிறன்று, விழித்திருக்க வேண்டும், ஆயத்தமாயிருக்க வேண்டும் என்று அரைமணி நேரம் உங்களுக்குப் பிரசங்கித்தவன் நான். பதினைந்து நாளைக்குள் மழை வந்தபோது என் அறைவீட்டில் எரிகிற டார்ச் விளக்கு ஒன்றுகூட இல்லை. ஆதலால் இன்று நான் சொல்லுவதைப் பிறரைக் குற்றம் பிடிப்பவன் சொல்லுவதாக எண்ணாமல், தானும் ஒருமுறை தவறிப்போனவன் சொல்லுவதாகக் கேளுங்கள்.

நம்மில் சிலர், "நாளைக்காகக் கவலைப்பட வேண்டாமென்று ஆண்டவரே போதித்திருக்கிறாரே, சேர்த்து வைப்பது அவநம்பிக்கை அல்லவா?" என்று கேட்கிறார்கள். இது பக்தியான கேள்வி. இதற்கு வேதாகமமே மறுமொழி சொல்லுகிறது.

வனாந்தரத்தில் இஸ்ராயேல் மக்களுக்குச் சர்வேசுரன் மன்னாவைப் பொழிந்த சரித்திரம் உங்களுக்குத் தெரியும். அன்றன்றைக்கு வேண்டியதை அன்றன்று பொறுக்க வேண்டும் என்பது கட்டளை. அதை மீறி மறுநாளைக்கு வைத்தவர்களுடைய மன்னா புழுத்து நாறிப்போயிற்று. இவ்வளவும் நாம் சொல்லுகிறோம்; இதற்குப் பின்னுள்ளதைத்தான் மறந்துவிடுகிறோம். ஆறாம் நாளில் ஒவ்வொருவரும் இரட்டைப் பங்கு பொறுக்கும்படி அதே சர்வேசுரன் கட்டளையிட்டார். ஏனென்றால் ஏழாம் நாள் ஓய்வுநாள். அன்று வெளியே மன்னா விழாது, பொறுக்கப் போவதும் கூடாது. ஆறாம் நாளில் எடுத்து வைத்த அந்த மன்னா புழுக்கவுமில்லை, நாறவுமில்லை.

பாருங்கள்! அதே மன்னா, அதே பாத்திரம், அதே மக்கள். பேராசையால் வைத்தபோது புழுத்தது. சர்வேசுரன் சொன்ன காரணத்துக்காக வைத்தபோது கெடாமல் நின்றது. ஆகவே சேர்த்து வைப்பது தன்னிலே பாவமுமல்ல, புண்ணியமுமல்ல. எதற்காக, எப்போது, எவ்வளவு சேர்க்கிறோம் என்பதே கேள்வி. வெள்ளம் சூழ்ந்த நாள் வெளியே போய்ப் பொறுக்க முடியாத நாள். அதற்கு முந்திய இந்த வெயில் நாட்களே நமக்கு ஆறாம் நாள்.

நான்கு தலையான புண்ணியங்களில் விவேகத்தை முதலாவதாகத் திருச்சபை வைத்திருக்கிறது. விவேகம் கவலையல்ல. கவலை இரவெல்லாம் விழித்திருந்து ஒன்றும் செய்யாது. விவேகம் பகலில் செய்ய வேண்டியதைச் செய்துவிட்டு, இரவில் செபமாலை சொல்லித் தூங்கும்.

இனி, எவ்வளவு? ஒரு குடும்பம் மூன்று நாள் வெளியுதவியின்றிப் பிழைத்திருக்கப் போதுமானவை இருந்தால் முதற்படிக்கு நல்லது.

முதலாவது தண்ணீர். வெள்ளத்தின் நடுவே தண்ணீருக்கா பஞ்சம் என்பீர்கள். 2018 நவம்பர் 16-ந் தேதி அதிகாலையில் கஜா புயல் வேதாரணியம் பக்கம் கரையைக் கடந்தது. அதன்பின் நாகப்பட்டினம், திருவாரூர், தஞ்சாவூர் ஜில்லாக்களில் அநேக கிராமங்கள் வாரக்கணக்கில் மின்சாரமின்றிக் கிடந்தன. மின்சாரமில்லாவிட்டால் மோட்டார் ஓடாது. மோட்டார் ஓடாவிட்டால் மேல்நிலைத் தொட்டியில் நீர் ஏறாது. கிணற்றிலோ சாக்கடையும் உப்பும் கலந்துவிடும். குடிக்கவும் சமைக்கவும் ஆள் ஒன்றுக்கு நாள் ஒன்றுக்கு 4 லிட்டர் வேண்டும். ஐந்து பேருள்ள வீட்டுக்கு மூன்று நாளைக்கு 60 லிட்டர். அது 15 லிட்டர் பிடிக்கும் பிளாஸ்டிக் குடத்தில் நான்கு குடம். புயல் எச்சரிக்கை வந்தவுடனே நான்கு குடத்தையும் கழுவி நிரப்பி மூடி வையுங்கள். கையை விட்டு மொள்ளாமல், காம்புள்ள அகப்பையால் மொள்ளுங்கள். சந்தேகமான நீரை நன்றாய்க் கொதிக்கவைத்து ஆற்றிக் குடியுங்கள்.

இரண்டாவது உணவு. அரிசி பருப்போடு, அடுப்பு மூட்டாமல் தின்னக்கூடியதும் வேண்டும். அவல், பொரிகடலை, கருப்பட்டி, வேர்க்கடலை, பிஸ்கோத்து இவை எந்தப் பலசரக்குக் கடையிலும் கிடைக்கும். கைக்குழந்தை உள்ள வீட்டில் பால்மாவு. இவற்றைக் கட்டிலுக்கடியில் வைக்காதீர்கள், பரண்மேல் வையுங்கள். மாதத்துக்கொருமுறை பழையதைச் சமையலுக்கு எடுத்துப் புதியதை அதன் இடத்தில் வைத்தால் ஒன்றும் வீணாகாது.

மூன்றாவது மருந்து. சர்க்கரை நோய்க்கும் இரத்த அழுத்தத்துக்கும் தினமும் மாத்திரை சாப்பிடுகிற பெரியவர்களுக்கு ஒரு வார மருந்து எப்போதும் மீதியிருக்கட்டும். இன்சுலின் போடுகிறவர்கள், மின்சாரமில்லாதபோது அதை எப்படிக் குளிர்ச்சியாய் வைப்பது என்று வைத்தியரிடம் இப்போதே கேட்டு வையுங்கள். வெள்ளத்துக்குப் பின் வயிற்றுப்போக்கு வரும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் உப்புச்சர்க்கரைக் கரைசல் பொட்டலங்கள் வாங்கி வைத்துக்கொள்ளலாம். அது இல்லாவிட்டால், கொதித்தாறிய ஒரு லிட்டர் நீரில் மட்டமாய் ஆறு தேக்கரண்டி சீனியும் அரைத் தேக்கரண்டி உப்பும் கரைத்துக் கொஞ்சம் கொஞ்சமாய்க் கொடுங்கள். அளவு பிசகக்கூடாது.

நான்காவது வெளிச்சம். இரண்டு தீப்பெட்டிகளை ஒரு சிறு பிளாஸ்டிக் டப்பியில் போட்டு இறுக மூடி வையுங்கள். இதை நான் பட்டு அறிந்து சொல்லுகிறேன். மெழுகுவர்த்தியைக் கொசுவலைக்கும் துணிக்கும் தூரமாய், தண்ணீருள்ள தட்டின் நடுவில் நிறுத்துங்கள். குழந்தைகள் உள்ள வீட்டில் டார்ச் விளக்கே மேல். செய்தி கேட்க பாட்டரியால் ஓடும் ஒரு சிறு ரேடியோவும், செல்போனுக்குச் சார்ஜ் ஏற்றிய பவர் பாங்க்கும் இருந்தால் உதவும். ஜில்லா அவசர உதவிக்கு 1077 என்ற எண்ணைச் சுவரிலே எழுதி வையுங்கள்.

ஐந்தாவது காகிதம். ரேஷன் அட்டை, ஆதார், பாங்கிப் புத்தகம், வீட்டுப் பட்டா, மீனவர் அட்டை, பிள்ளைகளின் பள்ளிக்கூடச் சான்றுகள், ஞானஸ்நானச் சான்று எல்லாவற்றையும் தண்ணீர் புகாத ஒரே உறையில் போட்டு, ஓடும்போது கைக்கெட்டும் இடத்தில் வையுங்கள். அதிலேயே கொஞ்சம் சில்லறை நோட்டுகளும் இருக்கட்டும். 2015 டிசம்பரில் சென்னைப் பட்டணம் மூழ்கியபோது பாங்கியில் பணமிருந்தவர்கள் கையில் பணமில்லாமல் திண்டாடினார்கள்; பணம் கொடுக்கும் இயந்திரங்கள் வேலை செய்யவில்லை.

கடலுக்குப் போகிற சகோதரரே, உங்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. 2017 நவம்பர் மாதக் கடைசியில் வந்த ஒக்கிப் புயல் கன்னியாகுமரிக் கடற்கரைப் பங்குகளில் எத்தனை வீடுகளை இருளாக்கிற்று! எச்சரிக்கை வருமுன்னே ஆழ்கடலுக்குப் போயிருந்தவர்கள் அநேகர். படகும் ஒரு வீடுதான். அதிலும் கூடுதல் குடிநீர், காய்ந்த உணவு, ஆளுக்கொரு மிதவைச் சட்டை, பழுதில்லாத வயர்லெஸ் இருக்க வேண்டும். கடலோரக் காவல்படையின் 1554 என்ற எண் உங்கள் மனைவிமாருக்கும் மனப்பாடமாயிருக்கட்டும்.

இவ்வளவும் கேட்டபின் பின்பெஞ்சியிலிருந்து ஒரு பெருமூச்சு எனக்குக் கேட்கிறது. "சாமி, அன்றாடம் உழைத்து அன்றாடம் தின்கிற நாங்கள் எதைச் சேர்த்து வைப்போம்?" நியாயமான பெருமூச்சு. இதற்கு நம் தாய்மார் ஒரு வழி வைத்திருக்கிறார்கள். உலையில் அரிசி போடுமுன் ஒரு பிடியை எடுத்துத் தனிப்பானையில் போடும் பிடியரிசி வழக்கந்தான் அது. அநேக கோவில்கள் அந்தப் பிடியரிசியால் எழும்பினவை. என் கையால் ஒரு பிடி அள்ளி, பலசரக்குக் கடைத் தராசில் நிறுத்துப் பார்த்தேன். 50 கிராமுக்குச் சற்றுக் கூடவே இருந்தது. காலையில் ஒரு பிடி, மாலையில் ஒரு பிடி என்று எடுத்தால் நாளைக்கு 100 கிராம். இன்றிலிருந்து டிசம்பர் 3-ந் தேதி அர்ச். சவேரியார் திருநாள் வரைக்கும் ஏறக்குறைய 60 நாள். அதற்குள் 6 கிலோ சேர்ந்துவிடும். ஐந்து பேர் மூன்று நாள் சாப்பிட அது போதும். மழை முந்திவிட்டால் சேர்ந்தமட்டும் லாபம். ஒரு பிடி குறைந்ததால் உலை வற்றிப்போன வீட்டை நான் கண்டதில்லை.

அந்த ஒரு பிடியும் எடுக்க முடியாத வீடுகளும் நம் பங்கில் உண்டு. அது உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஆகவே இருக்கிறவர்கள் மூன்றாவது ஒரு பிடி எடுங்கள். வாரந்தோறும் ஞாயிறு பூசைக்கு வரும்போது அதைக் கொண்டுவந்தால், வின்சென்ட் தே பவுல் சபையார் வாங்கி, அந்த வீடுகளில் ஓசைப்படாமல் சேர்ப்பார்கள். யார் கொடுத்தது, யார் வாங்கியது என்று எவரும் பேச வேண்டாம்.

இங்கே மற்றொரு பக்கத்தையும் சொல்ல வேண்டும். புயல் வருகிறதென்று ரேடியோ சொன்ன மாலையில் கடைக்கு ஓடி, பத்துப் பெட்டி மெழுகுவர்த்தியும் இருபது பாக்கெட் பாலும் வாரிக்கொண்டு வருகிறவர்கள் உண்டு. அதுவும் முன்யோசனைதானே என்பார்கள். அல்ல. அக்டோபர் மாதத்தில் நீங்கள் ஒரு பெட்டி கூட வாங்கினால், கடைக்காரர் மறுநாளே வேறு பெட்டி தருவித்து வைப்பார், யாருக்கும் நஷ்டமில்லை. புயல் மாலையில் நீங்கள் வாங்கும் பத்தாவது பெட்டியோ உங்களுக்குப் பின்னால் நிற்கிற விதவையின் பெட்டி. ஒரே பொருள்தான், ஆறாம் நாளில் எடுத்தால் விவேகம், ஏழாம் நாளில் பறித்தால் பேராசை. அந்த வேளையில் விலையைக் கூட்டி விற்கிறவர்கள் தங்கள் மனச்சாட்சியைப் பாவசங்கீர்த்தனத்தில் நன்றாய்ச் சோதித்துப் பார்க்கக்கடவார்கள்.

களஞ்சியம் கட்டினவர்கள் இருவரை வேதாகமத்தில் வாசிக்கிறோம். ஒருவன் சுவிசேஷத்தில் வரும் ஐசுவரியவான். நிலம் விளைந்தபோது அவன் தன்னோடுதானே பேசினான். என் தானியம், என் களஞ்சியம் என்பதல்லாமல் வேறொருவர் பேர் அவன் வாயில் வரவில்லை. அன்றிரவே அவன் ஆத்துமம் கேட்கப்பட்டது. மற்றவர் எஜிப்து தேசத்துச் சூசை. ஏழு செழிப்பான வருஷங்களிலும் விளைச்சலில் ஐந்திலொரு பங்கை எடுத்துச் சேர்த்து, பஞ்சம் வந்தபோது களஞ்சியத்தைத் திறந்தார். தம்மைக் குழியில் தள்ளி விற்றுப்போட்ட சொந்தச் சகோதரருக்கும் அதிலிருந்தே தானியம் அளந்தார். இருவரும் கட்டினது களஞ்சியமே. ஒருவன் கதவைச் சாத்திக்கொள்ளக் கட்டினான். மற்றவர் திறந்து கொடுக்கக் கட்டினார்.

திறந்து கொடுத்தவர்களை நாமும் கண்ணாரக் கண்டோமே! அதே 2023 டிசம்பர் 17-ந் தேதி இரவு திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட ரயில், தண்டவாளத்தின் அடிமண்ணை வெள்ளம் அரித்துவிட்டபடியால் ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷனில் நிறுத்தப்பட்டது. ஏறக்குறைய 800 பிரயாணிகள். சுற்றிலும் வெள்ளம். உதவிக்கு வெளியிலிருந்து வருகிறவர்கள் வந்துசேரும்வரை, பக்கத்திலிருந்த புதுக்குடி ஊரார் தங்களிடமிருந்ததைக் கொண்டு சமைத்து அவர்களுக்குச் சோறு போட்டார்கள். அவர்களுடைய ஊரையும் அந்த மழை விட்டுவைக்கவில்லை. வந்தவர்கள் என்ன சாதி, என்ன மதம் என்று அவர்கள் கேட்கவில்லை. கொஞ்சம் எண்ணிப் பாருங்கள்: அந்த வீடுகளின் பானைகள் அன்று வெறுமையாயிருந்தால், அவர்கள் எவ்வளவு நல்ல மனதுள்ளவர்களாயிருந்தும் என்ன செய்திருக்க முடியும்? இரக்கம் மனதிலிருந்து வருகிறது, சோறோ பானையிலிருந்து வருகிறது. இரண்டும் வேண்டும்.

பத்துக் கன்னிகைகளின் உவமையில் அநேகருக்கு ஒரு சந்தேகம் உண்டு. விவேகமுள்ள ஐந்து பேரும் எண்ணெயில் கொஞ்சம் கொடுத்திருக்கக்கூடாதா? அவர்கள் கருமித்தனத்தால் மறுக்கவில்லை. பங்கிட்டிருந்தால் பத்து விளக்கும் நடுவழியில் அணைந்து, மணவாளன் இருட்டில் வந்திருப்பார். நடுஇரவில் கடன் வாங்க முடியாத பொருள்கள் சில உண்டு என்பதே அந்த உவமையின் பாடம். அர்ச். அகுஸ்தீனார் அந்த எண்ணெயைச் சிநேகம் என்னும் புண்ணியம் என்று விளக்குகிறார். என் அரிசியை உங்களுக்குத் தரலாம். என் தீக்குச்சியைத் தரலாம். ஆனால் நான் செய்த பாவசங்கீர்த்தனத்தை உங்களுக்குத் தர முடியாது. உங்கள் தாய் சொன்ன செபமாலைகள் உங்களுக்கு உதவும். ஆயினும் உங்கள் விளக்கில் எண்ணெய் ஊற்ற வேண்டியவர் நீங்களே.

புயல் வருமா வராதா என்று வானிலை நிலையத்தார் சொல்லுவார்கள். நம் ஒவ்வொருவருக்கும் நிச்சயமாய் வருகிற ஓர் இரவு உண்டு. அதற்கு எந்த நிலையமும் கொடி ஏற்றி அறிவிப்பதில்லை. ஆகையால் பரண்மேல் அரிசியை வைக்கிற அன்றைக்கே, ஒரு பாடுபட்ட சுரூபமும் மந்திரித்த மெழுகுவர்த்தியும் தீர்த்தமும் வீட்டில் இருக்கிறதா என்று பாருங்கள். கடைசியாகப் பாவசங்கீர்த்தனம் செய்து எத்தனை மாதமாயிற்று என்றும் எண்ணுங்கள். பேச்சு நின்றுபோன சகோதரன், வரப்புத் தகராற்றில் முகம் திருப்பிய அயலான் இருந்தால், மழைக்கு முன்னே சமாதானமாகுங்கள். வெள்ளத்தில் முதலில் கை கொடுக்கப்போகிறவர் அவராகவே இருக்கலாம்.

அறைவீட்டில் இப்போது டார்ச் விளக்கு இரண்டு இருக்கின்றன. சாக்ரிஸ்தியில் ஒரு டப்பி நிறையத் தீப்பெட்டிகளும் இருக்கின்றன. வேண்டியவர்கள் எந்நேரமும் வந்து கேட்கலாம். ஆனால் மூன்று குச்சி எடுத்து மற்றதைப் பின்னால் வருகிறவர்களுக்கு வைத்துப் போன அந்தத் தாயை நினைத்துக்கொண்டு வாருங்கள். இன்று பூசை முடிந்து வீட்டுக்குப் போனதும், மத்தியான உலைக்கு அரிசி களையுமுன் முதற்பிடியை எடுங்கள். எடுக்கும்போது ஓர் அருள் நிறைந்த மந்திரம் சொல்லுங்கள்.

சமுத்திரத்தின் நட்சத்திரமாகிய தேவதாய் உங்கள் வீடுகளையும் படகுகளையும் காப்பாற்றுவாளாக. பிதா, சுதன், இஸ்பிரீத்து சாந்துவாகிய சர்வேசுரன் உங்களை ஆசீர்வதிப்பாராக. ஆமென்.